மூக்கு ரகுபதி

காப்பிப் பொடி அரைக்கும் கடை வாசலில் ரகுபதி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். காலை ஆறரை மணி. உள்ளே வறுபட்ட கொட்டை இயந்திரத்தில் சடசடவென்று விழுகிறது. மெல்ல ஒரு மூச்சு இழுக்கிறார், பிறகு ஆழமாக இன்னொன்று. “பேஷ்” என்று தலையை ஆட்டிவிட்டு மேலே நடக்கிறார். கடைக்காரர் முகத்தில் அன்றைய பொழுது அப்போதே விடிந்துவிடுகிறது. மூக்கு ரகுபதியே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன!

மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பெயருக்கு முன்னால் மூக்கு வந்து ஒட்டிக்கொண்டது இவர் ஒருவருக்குத்தான். ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள். பார்க்கப்போனால் அந்த மூக்கு சப்பை மூக்கு. பேரைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டி முடிக்கும்வரை ரகுபதி ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. உப்பைக் கை பார்த்துக்கொள்ளும், காரத்தைக் கண் பார்த்துக்கொள்ளும், மீதியெல்லாம் மூக்கின் பொறுப்பு. பத்தடி தள்ளி நின்றபடியே, “உளுந்து இன்னும் ஒரு சுத்து சிவக்கணும்” என்பார். போய்ப் பார்த்தால் சிவக்கத்தான் வேண்டியிருக்கும். வாசனை பிடித்தாலே பாதி சாப்பிட்ட கணக்குதானே என்று வைதீகர் ஒருவர் மடக்கப் பார்த்தார். “மூச்சு விடாம எப்படி ஓய் சமைக்கறது? அது பெருமாளுக்கே தெரியும்” என்றார் இவர்.

அந்த மூக்கு மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. ஐப்பசி மழையில் நாலு நாள் காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள் மனைவி ஆற்றிக் கொடுத்த காப்பியை வாயருகே கொண்டுபோனார். வெந்நீர் மாதிரி இருந்தது. நாக்குக்குக் கசப்பும் தித்திப்பும் தெரிந்தன, காப்பியைத்தான் காணோம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். ரகுபதி வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை. மூக்கு போன மூக்கு ரகுபதியை எந்தக் கல்யாண வீட்டில் கூப்பிடுவார்கள்? முப்பது வருடப் பிழைப்பு. வேறு எதுவும் தெரியாது. பயந்துபோனார், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் காலை நடை. ஊருக்கு அது உலாத்தல், அவருக்குப் பரீட்சை. காப்பிக் கடையில் ஆரம்பித்து, மாட வீதிப் பூக்கடைகளைத் தாண்டி, குளக்கரைக்குப் போய்ப் பாசித் தண்ணீருக்கு ஒரு மூச்சு. லஸ்ஸில் மெட்ரோவுக்காக அடைத்த தகரத்தின் பக்கம் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். பூமிக்குள் எத்தனையோ ஆள் ஆழத்திலிருந்து ஈரக் களிமண்ணை அள்ளி மேலே போட்டிருப்பார்கள். இந்தத் தெருவில் டிராம் ஓடியதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார். டிராமுக்கும் முந்தி, கோயிலுக்கும் முந்தி, வெயிலையே காணாத மண் இது. எப்படி மணக்குமோ! ஊரில் உள்ளவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள். ரகுபதிக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருக்கும்.

விடியற்காலைக் கனவில் மட்டும் எல்லாம் இருந்தது. தெருத்தெருவாகப் போவார். தாழம்பூ, கொத்துமல்லி, மழையில் நனைந்த வைக்கோல், பாண்டி பஜார் துணிக்கடைகளின் புதுத் துணி வாசனை. ஒருநாள் சாந்தோம் குப்பத்தில் யாரோ மீன் வறுத்தார்கள். ஆயுசில் மீனைத் தொடாதவர் அந்த வாசனையில் அப்படியே கிறங்கி நின்றுவிட்டார். விழிப்பு வந்ததும் உள்ளங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கார்த்திகையில் ஒத்துக்கொண்ட கல்யாணங்களைக் கண்ணையும் காதையும் நம்பி ஒப்பேற்றினார். கடுகு வெடிப்பதைக் கேட்டார், ரசம் நுரை கட்டுவதைப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் மாட்டிக்கொள்ள இருந்தார். பாயசத்துக்குப் பால் சுண்டிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே நின்றபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது.

“ஐயரே! பாலு அடி புடிக்குது பாரு! இங்க வரைக்கும் தீயுது, ஒனக்குத் தெர்ல?”

முனியம்மாள். இருபது வருடமாக இவருடைய கல்யாணங்களில் காய் நறுக்குகிறவள், பாத்திரம் தேய்க்கிறவள். அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது அவளும் போனாள். இப்போது முதல் பஸ்ஸைப் பிடித்து ஒன்றரை மணி நேரம் வந்து இறங்குகிறாள். அவள் நறுக்கிய பூசணி பெருமாளுக்கு ஆகும், அவள் தேய்த்த அண்டாவும் ஆகும், அவள் அடுப்படிக்குள் வந்தால் மட்டும் ஆகாது. யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை மீறிப் பார்க்க வேண்டுமென்று ரகுபதிக்கும் தோன்றியதில்லை.

“ஜலதோஷம்” என்று அன்று சமாளித்தார். அதற்கப்புறம் முனியம்மாளின் அரிவாள்மணை கல்யாணத்துக்குக் கல்யாணம் அடுப்படி வாசலை நெருங்கி வந்தது. கூடவே ஓயாத பேச்சு. “சாம்பாரு இப்பத்தான் வாசன வுடுது.” “நெய்யி ரெடியாயி போய்க்கினே கீது.” எல்லோர் காதிலும் விழும்படி இதென்ன தொணதொணப்பு! ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “உன் வேலையை மட்டும் பாரு, முனியம்மா” என்று சுள்ளென்று விழுந்தார். அவள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கே போய்விட்டாள்.

மார்கழி பிறந்தது, முகூர்த்தங்கள் இல்லை. ராயப்பேட்டையில் அத்தர் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீனைப் பார்க்கப் போனார். இருவரும் பதினைந்து வருடச் சிநேகிதர்கள். புதிதாக எது வந்தாலும் ரகுபதியின் மணிக்கட்டில் ஒரு தொடு தொட்டு, “சொல்லுங்க பாப்போம்” என்று பந்தயம் கட்டுவது ஷரஃபுதீனின் வழக்கம். அன்றும் ஒரு குப்பியைத் திறந்து தொட்டார்.

ரகுபதி கண்ணை மூடினார். நிதானமாக இழுத்தார். “மல்லிகையிலே ஆரம்பிச்சு, மெதுவா சந்தனத்திலே போய் நிக்கறது பாய். அற்புதம்.”

கண்ணைத் திறந்தார். ஷரஃபுதீனின் முகத்தில் வழக்கமான சிரிப்பைக் காணோம்.

“கழுவி வச்ச குப்பி சாமி இது. வெறும் தண்ணி. சொம்மா வெளாட்டுக்குத் தொட்டேன்.”

ரகுபதிக்குக் கூசிப்போயிற்று. இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தது கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு காய்ச்சலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

“இதுக்கா இவ்ளோ?” என்றார் ஷரஃபுதீன். “நாளெல்லாம் இதுக்குள்ளயே குந்திக்கினு கீறேன், சாயங்காலம் ஆனா எனக்கு ரோஜாவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். என் பொண்ணு இஃப்ராவைக் கூப்ட்டு, மோந்து பாத்து சொல்லும்மான்னு கேப்பேன். அதுல இன்னா கொறஞ்சு பூட்டேன்? சரி, வேற யாருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் ரகுபதி. சொன்ன வாய் மூடுவதற்குள் குழாயடிப் பக்கம் போன ஒரு முதுகு நினைவுக்கு வந்தது. சாம்பார் வாசனை விடுகிறது, நெய் ஆகிவிட்டது என்று அவள் யாருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

தை பிறந்து முதல் கல்யாணம் மந்தைவெளியில். அறுநூறு இலை. மேலே கல்யாணக் கூடத்திலிருந்து நாதஸ்வரம் தூரத்துத் தண்ணீர்ச் சத்தம்போல இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த இளவெயிலில் அடுப்பு ஆவி பொன்னிறமாகச் சுழன்றது. ரகுபதி ஒரு நிமிஷம் அதையே பார்த்து லயித்திருந்தார். அவருக்கு அடுத்த சமையற்காரன் ஸ்ரீநாத் வந்து தோளைத் தொட்டான்.

“மாமா, தேங்கா உடைச்சதுல ரெண்டு அழுகல். தூக்கிப் போட்டுட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே ஏதாவது கலந்து அரைபட்டுடுத்தோன்னு சந்தேகமா இருக்கு. இந்தப் புகையில எனக்கு ஒண்ணும் பிடிபடலை. நீங்க ஒருதரம் பாத்துட்டேள்னா அவியல்ல கொட்டிடலாம்.”

அண்டா நிறைய வெள்ளை வெளேரென்று தேங்காய் விழுது. ரகுபதி குனிந்தார். இழுத்தார். மறுபடியும் இழுத்தார். சுற்றிலும் ஆறு பேர் கையில் வேலையை நிறுத்திவிட்டு அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘பேஷ்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், நகர்ந்துவிடுவார்கள். அது நுனிநாக்கு வரை வந்தது. கெட்ட விழுது அறுநூறு இலைக்கும் போனால்? பெருமாளுக்குக் காட்டவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நிமிர்ந்து கொல்லைப்புறம் பார்த்துக் கூப்பிட்டார். “முனியம்மா! இங்கே வா.”

ஈரக் கையோடு வந்தவள் வாசற்படியில் நின்றாள். “இன்னா ஐயரே?”

“உள்ளே வா. இதை மோந்து பாத்துச் சொல்லு.”

“நானா? சமையல் கான்ட்ராக்டர் பாத்தா கத்துவாரு.”

“மாமா, என்ன இது?” ஸ்ரீநாத் பதறினான். “இன்னும் நைவேத்தியம்கூட ஆகலை. நீங்க இருக்கறச்சே அவ எதுக்கு?”

“எனக்கு வாசனை தெரியலைடா” என்றார் ரகுபதி. குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “மூணு மாசமாச்சு. நெய்யும் தெரியலை, பெருங்காயமும் தெரியலை. கார்த்திகை பூரா இவ சொல்லித்தான் சமைச்சேன். அதைக்கூடப் புரிஞ்சுக்காம இவளைத் துரத்தினேன்.”

முனியம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அண்டாவின் மேல் குனிந்து, அவசரப்படாமல் ஒரு மூச்சு எடுத்தாள்.

“ஒண்ணு கெட்டது கீது ஐயரே. லேசாத்தான். ஆனா கீது.”

“கொட்டுங்கோ” என்றார் ரகுபதி. “புதுசா உடைங்கோ. நாழியானா பெண் வீட்டாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். எல்லாத்தையும் நானே சொல்லிக்கறேன்.”

ஸ்ரீநாத் அண்டாவின் காதைப் பிடித்தான். முனியம்மாள் வந்த வழியே திரும்பினாள்.

“எங்கே போறே?” ரகுபதி தான் உட்காரும் பலகையைக் காலடியிலிருந்து எடுத்தார். தோள் துண்டால் அதை அழுத்தித் துடைத்தார். அடுப்புக்குப் பக்கத்தில், ஆவி வந்து படுகிற இடமாகப் பார்த்துப் போட்டார். அவள் உட்காருகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.