கீப்பர் அங்கிள்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்த மாமா, பகலில் லொறி ஓட்டினார். பின்னேரங்களில் ஸ்காபரோவில் ஒரு கொம்யூனிட்டி கொலிஜின் உதைபந்தாட்ட அணிக்கு உதவிக் கோச்சாக இருந்தார். இரண்டாவதுதான் அவருடைய உண்மையான வேலை என்பது அம்மாவுக்கும் எனக்கும் விளங்கியிருந்தது. அப்பாவைப் பொறுத்தவரை, வளர்ந்த மனிசன் ஒருவர் அரைக்காற்சட்டையோடு புல்லில் ஓடித் திரிவதற்கு வேலை என்று பெயர் வைக்க முடியாது.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவும் அப்பாவும் வேலையால் வரப் பிந்தும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவார். அங்கே இருந்த கோச்சுகளில் ஒருவரும் கோச்சாகவென்று கனடாவுக்கு வந்தவர்கள் இல்லை. தலைமைக் கோச் டிரினிடாட்காரர். ஊரில் தபால்காரராக இருந்து, இங்கே வந்து கணக்கு வாத்தியார் ஆனவர். உடற்பயிற்சியைப் பார்த்துக்கொண்ட போலந்துப் பெண், ஜிம்னாஸ்டிக்கில் தன் முழங்காலை உடைத்துக்கொண்டு, பிறகு மற்றவர்களின் முழங்கால்களைக் காப்பாற்றப் படித்தவர். கோல்கீப்பர்களைப் பழக்கியவர் இலங்கைக்காரர், சிங்களவர். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலை செய்தார். நான் அவரைக் கீப்பர் அங்கிள் என்று கூப்பிடுவேன்.

மாமாவுக்கு அவரை விட்டால் வேறு சிநேகிதர் இல்லை. பயிற்சி முடிந்த பிறகும் இருவரும் காருக்குள் இருந்து கோப்பி குடித்தபடி, பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். பின்சீற்றில் நான் வீட்டுப்பாடம் செய்வேன். பந்து, பெடியள், குளிர், மறுபடியும் பந்து. ஊர்ப் பேச்சு மட்டும் வந்ததேயில்லை. அம்மா சிலவேளை மட்டன் ரோல்ஸ் செய்து அவருக்கென்று தனியாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார். எனக்கு அவர் பாய்ந்து பந்து பிடிக்கப் பழக்கினார். மைதானத்தில் நான் மிகவும் விரும்பிய ஆள் அவர்தான், மாமா இல்லை.

எங்கள் மைதானத்தில் அந்த வருடத்துக் கடைசி மச் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. ஆட்டம் தொடங்க முன்னர் கோச்சுகளைக் கௌரவிக்க வேண்டுமென்று கொலிஜில் யாருக்கோ யோசனை வந்திருக்கிறது. நால்வரையும் வரிசையாக நிற்பாட்டி, ஒரு மாணவி மைக்கில் ஒவ்வொருவரைப் பற்றியும் சொன்னாள். தபால்காரருக்கும் முழங்காலுக்கும் சனம் கைதட்டியது. மாமா யாழ்ப்பாணத்தில் தன் பள்ளிக்கூட அணியின் கப்டனாக இருந்தவர் என்றாள். அம்மா எழுந்து நின்று கைதட்டினார். அப்பாகூடத் தட்டினார்.

பிறகு கீப்பர் அங்கிளின் முறை. இலங்கை இராணுவத்தில் சேவை செய்தவர், இராணுவ அணியின் கோல்கீப்பராக விளையாடியவர் என்று அந்தப் பிள்ளை சந்தோசமாகச் சொன்னாள்.

நான் பெரிதாகக் கைதட்டினேன். என் கீப்பர் அங்கிள் இவ்வளவு பெரிய ஆளா என்று பெருமையாக இருந்தது. பக்கத்தில் சத்தத்தைக் காணோம். அம்மா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் அமுக்கினார். கீழே மாமா, பக்கத்தில் நின்றவரை முதன்முதலாகக் காண்பவர்போலத் திரும்பிப் பார்த்தார். அவரோ தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தில் அப்படியொரு வெறுமையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஆட்டம் தொடங்கியது. மாமா ஒரு சொல் கத்தவில்லை. இடைவேளையின்போது அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு நான் கீழே ஓடினேன். இருவரும் மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கும் வாங்குக்குப் பின்னால் நின்றார்கள்.

"உண்மையோ?" என்று மாமா கேட்டார்.

"ஓம்."

"எங்கை நிண்டனீ?"

"யாப்பனய" என்றார் அவர். தமிழில் சொல்ல மறந்துவிட்டார்போல.

"யாழ்ப்பாணத்திலை எங்கை?"

அவர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அது அம்மாவும் மாமாவும் பிறந்த ஊர்.

"ஸ்கூல்லதான் காம்ப் இருந்தது. அந்த கிரவுண்ட்லதான் நான் கீப்பிங் பழகினது."

மாமா மெல்லக் கேட்டார்.

"அதிலை ரெண்டு கோல் போஸ்ட் நிண்டது. பனைமரம்."

"ஒண்டு இருந்தது. மத்தது பங்கர் கட்ட எடுத்தாங்க." கொஞ்சம் பொறுத்து, "நாங்க எடுத்தது" என்று திருத்திச் சொன்னார்.

அந்தப் பனங்குற்றிகளை வெட்டித் தோளில் சுமந்துபோய் நட்டவர்கள் மாமாவும் அவருடைய அணிப் பெடியளும். நட்ட அதே வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த அணியில் பாதிப்பேரை மாமா பிறகு காணவேயில்லை. இதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது, நான் வளர்ந்த பிறகு. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டாம் பாதியில் மாமா மைதானத்தில் இல்லை என்பதுதான். தன் அணி தோற்றதுகூடத் தெரியாமல் காருக்குள் போயிருந்து ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் மாமா லொறிக்கும் போகவில்லை. பேஸ்மென்டை விட்டு மேலே சாப்பிடவும் வரவில்லை. தலைமைக் கோச் போன் எடுத்தபடி இருந்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்றார் அப்பா. அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. வெளியே கீப்பர் அங்கிள். அப்பா கதவைப் பாதி திறந்து, மீதிப் பாதியில் தான் நின்றார்.

"என்ன வேணும்?"

"அவரோட கதைக்கணும்."

"இஞ்சை ஆருக்கும் உம்மோடை கதைக்க ஒண்டுமில்லை."

அப்போது மாமா மேலே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. காலில் பூட்ஸ், கையில் பந்து. அப்பாவை விலக்கிக்கொண்டு வெளியே போய், "வா" என்றார்.

வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளிக்கூட மைதானத்துக்கு இருவரும் போனார்கள். நான் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். வலையில்லாத கோலுக்குள் கீப்பர் அங்கிள் போய் நின்றார். மாமா பந்தை வைத்து, ஓடிவந்து அடித்தார். அவ்வளவு பலமாக அவர் அடித்து நான் பார்த்ததில்லை. பந்து கீப்பர் அங்கிளின் நெஞ்சில் மோதித் திரும்பியது. அவர் கையைத் தூக்கவில்லை.

மாமா மறுபடி அடித்தார். வயிற்றில் பட்டது. மறுபடி. தோளில். அடுத்தது முகத்தில் பட்டு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. அவர் துடைக்காமல் அப்படியே நின்றார்.

"பிடியடா!" என்று மாமா கத்தினார். "கோல்கீப்பர்தானே நீ? பிடி!"

அடுத்த பந்தும் அவர் நெஞ்சில்தான் பட்டது.

"பிடியடா... பிடிச்சுத் துலை!" மாமாவின் குரல் உடைந்து வேறு யாருடையதோ போலக் கேட்டது. திரும்ப ஓடிவந்து மூலைக்கு அடித்தார். இந்தத் தடவை கீப்பர் அங்கிள் பாய்ந்தார். முழு உடம்பும் நிலத்தில் மோத, பந்தை அணைத்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. மாமா அடித்த இடத்திலேயே புல்லில் குந்தி, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பயந்துபோய் வேலியோடு ஒட்டி நின்றேன்.

அடுத்த கிழமை மாமா பயிற்சிக்குப் போனார். கீப்பர் அங்கிளும் போனார். அந்த இருவரும் பிறகு பல வருடங்கள் ஒன்றாகவே அந்த அணியைப் பழக்கினார்கள். காருக்குள் இருந்து கோப்பி குடிப்பது மட்டும் நின்றுபோனது. நெடுநாள் கழித்து அதுவும் தொடங்கியது. அப்பா அவரை ஒருநாளும் வீட்டுக்குள் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா எழுந்து தனியே நடந்துபோன பிறகு நான் கீப்பர் அங்கிளுக்குக் கிட்டப் போனேன். எனக்கு அவரில்தான் கோபம்.

"ஏன் அங்கிள் நீங்க டைவ் பண்ணேல்லை? ஈஸி போல்ஸ் எல்லாம் விட்டுட்டீங்க!"

அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். "இன்னைக்கு கை எழும்பல்ல மகள்" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினி யன்னலால் மைதானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். கீப்பர் அங்கிளுக்குக் கையிலே வருத்தம், பூசுவதற்கு எண்ணெய் ஏதும் இருந்தால் கொடுங்கோ, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறன் என்றேன். அம்மா என்னையே பார்த்தார். பிறகு சுவர்த் தட்டில் இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து என் கையில் தந்தார்.