மேட்டின் உச்சியில் தவம் அக்கா

சனிக்கிழமை மாலையானால் எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் தவம் அக்காவின் குரல் வரும். எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார். "நாளைக்கு ரிச்மண்ட் ஸ்டேஷன். கரஜொங் பக்கம் ஏறி, காட்டு ரோட்டாலை சுத்தி, வில்பர்ஃபோர்ஸாலை இறங்குவம். காத்து இருக்கு, ஜாக்கெட் கொண்டு வாங்கோ." அந்தச் சனிக்கிழமை குரல் வரவில்லை. அவருடைய மகள் நாலு வரி எழுதியிருந்தாள். அம்மா காலையில் எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று. நான் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுத் தொடர்ந்து கிண்டினேன். என் கணவருக்குத் தொண்டையில் சிக்காமல் இறங்குவது அது ஒன்றுதான், அடிபிடித்தால் மறுபடி வைக்க எனக்குத் தெம்பில்லை. அழுகையெல்லாம் பிறகுதான் வந்தது.

அவரோடு சைக்கிள் மிதித்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் இறுதிச் சடங்கு நடந்த மண்டபத்தில் அவரைப் பற்றிப் பேசப்பட்ட சிலவற்றைக் கேட்டுவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது, அவர் இருந்த மறுவாழ்வு வார்டில் தவம் அக்கா உதவியாளராக வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் கோயம்புத்தூர். நாங்கள் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் அக்கா செவன் ஹில்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் நேராகக் கட்டிலுக்குப் போய், "எப்படி இருக்கீங்க?" என்று என் கணவரிடம் சத்தமாகக் கேட்பார்கள், அவருக்குக் காது போய்விட்டதுபோல. அக்கா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு டொக்டர், நேர்ஸ், பிசியோ எல்லாரும் இருக்கினம். உமக்கு ஆர் இருக்கினம்?"

எனக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்றேன். "ஓம், ஓம், தெரியுது" என்றார். அடுத்த வாரம் ஒரு பழைய சைக்கிளோடும் கணவரோடும் வந்து நின்றார். அவர் கணவர் பரா அண்ணா ஓய்வு பெற்றவர், முழங்கால் தேய்ந்து சைக்கிள் பக்கமே போகாதவர். "இனி ஞாயிறு காலமை இவர் இஞ்ச இருப்பார். ரெண்டு பேரும் கிரிக்கெட் பாக்கட்டும். நீர் என்னோட வாரும்." என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் ஞாயிறு நான் செய்த கூத்து உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு வாழைப்பழத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்புவார்கள். நான் ஆறு பேருக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் முதுகில் கட்டிக்கொண்டு போனேன். முதல் முறை வெறுங்கையோடு எப்படிப் போவது? ஏற்றம் தொடங்கும் இடத்தில் என் முதுகுப் பையைத் தூக்கிப் பார்த்த தவம் அக்கா எல்லோரையும் இறக்கினார். "இதைச் சுமந்துகொண்டு ஏறேலாது. இப்பவே திண்டு முடியுங்கோ." காலை ஏழரை மணிக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் குளிருக்குப் போர்வைச் சட்டை போட்ட குதிரைகள் வேடிக்கை பார்க்க, புளியோதரை தின்றோம். அதற்குப் பிறகு ஏறிய மேட்டில் எல்லோருக்கும் புளியேப்பம். அவர் மட்டும் வழி முழுக்க என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்.

கரஜொங்குக்கு மேலே போகும் அந்தக் காட்டுச் சாலை எங்கள் எல்லோருக்கும் பழக்கம். மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் தைல மரங்கள், உரிந்த பட்டைகள் சாலையெல்லாம் கிடந்து டயருக்கடியில் நொறுங்கும். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துச் செய்த தபால் பெட்டிகள் அங்கங்கே நிற்கும், வீடு எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் முன்னால் போனவர்கள் காத்திருப்பார்கள். கடைசியாக வருவது எப்போதும் நான்தான். நான் போய்ச் சேர்ந்ததும், "வந்தாச்சா? கிளம்பலாமா?" என்பார்கள். மூச்சு விடக்கூட நேரமில்லாமல் நான், "ஓ, போலாம் போலாம்" என்பேன். எனக்காக நாலு பேர் நிற்கிறார்களே என்ற கூச்சம். நம் வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு வேறென்ன சொல்ல வரும்?

மூன்றாவது வாரமோ என்னவோ, அக்கா தன் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்துகொண்டார்.

"எங்கட ரெஸ்ட் முடிஞ்சுது. இவ இப்பதான் வந்தவ, இவவுக்கு இனித்தான் தொடங்குது. எல்லாரும் இருங்கோ."

நான், "பரவால்லக்கா, எனக்கு ஒண்ணும் களைப்பில்ல" என்றேன்.

"முகம் நீலமா இருக்கு, களைப்பில்லையாம். களைச்சா களைச்சுப் போனன் எண்டு சொல்லும் பிள்ளை. அதுக்கு ஆரும் கோர்ட்டிலை ஏத்த மாட்டினம்."

அன்றிலிருந்து எங்கள் குழுவில் அதுவே வழக்கமாகிவிட்டது. கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, அவர் வாயால் கிளம்பலாம் என்று சொன்னால்தான் கிளம்புவோம். வேகமாக ஓட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்றார் அக்கா.

மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "களைப்பு என்றால் என்னவென்றே அறியாதவர் எங்கள் தவமலர்" என்று பேசினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனுஷிக்குக் களைப்பே வராதா? வாரத்தில் ஐந்து நாள் வார்டில் ஆட்களைத் தூக்கிப் படுக்க வைத்தவர். ஒருமுறை அதே காட்டுச் சாலையின் ஓரத்தில் அவர் கை கால் விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்து ஒரு விவசாயி வண்டியை நிறுத்தி ஓடிவந்தார், ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று. அக்கா எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியே, களைப்பு மட்டும்தான், வேறொன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை ஆட்டினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு தன் வண்டியிலிருந்து ஒரு பை ஆரஞ்சு இறக்கிவிட்டுப் போனார். அக்கா களைத்ததை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் எனக்குச் சம்மதமில்லை.

பிறகு வந்த ஞாயிறுகளில் நான் போகவில்லை. எப்படிப் போவது? என் கணவரைத் தனியாக விட முடியாது. பரா அண்ணாவிடம், உங்கள் மனைவி போய்விட்டார், ஆனாலும் வந்து என் வீட்டில் உட்காருங்கள், நான் சைக்கிள் ஓட்டப் போகவேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவே கூடாது என்று முடிவு செய்தேன். சைக்கிளைத் துணி போட்டு மூடினேன். அந்த மூன்று நாலு மணி நேரம்தான் வாரத்தில் எனக்கென்று இருந்தது. அது அக்காவோடு போனது என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டாலும் ஆறவில்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என் கணவர் மேல் எரிந்து விழுந்தேன், பேச முடியாத மனிதர் மேல்.

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு காலை கதவு தட்டும் சத்தம். பரா அண்ணா நின்றார். முகம் மழித்திருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையே? ட்ரெயினுக்கு நேரமாச்சு."

"அண்ணா, நீங்க எதுக்கு... இப்ப போய்..."

"வீட்டிலை இருந்து என்ன செய்யிறது பிள்ளை. அவ இல்லாத வீடு. இஞ்ச எண்டால் மட்ச் பாக்கலாம். போயிட்டு வாங்கோ."

உள்ளே என் கணவர் அவர் குரல் கேட்டு ஏதோ சத்தம் எழுப்பினார். பல வாரங்களாக அந்தச் சத்தம் வீட்டில் கேட்கவில்லை. நான் சைக்கிளை எடுத்தேன்.

அன்று ஓட்டியது மோசமான ஓட்டம். காற்று எதிரே அடித்தது, கால்கள் மறந்துபோயிருந்தன, ஒவ்வொரு மேட்டிலும் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். உச்சியில் நீங்கள் எல்லோரும் எனக்காக நின்றீர்கள், நான் சொல்லும்வரை ஒருவரும் பெடலில் கால் வைக்கவில்லை. அதற்கு நன்றி.

வீடு திரும்பியபோது மதியம். என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பரா அண்ணா கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், டிவி சத்தமில்லாமல் ஓடியது.

"களைப்போ பிள்ளை?" என்றார்.

ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாலும், ஆபீசில் கேட்டாலும், டாக்டர் கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். இல்லையே, நல்லாத்தான் இருக்கேன். தவம் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது வேறொரு பதில். இனி என்னிடம் இருக்கப்போவதும் அதுதான்.

"ஆமாண்ணா. ரொம்பக் களைப்பா இருக்கு."

அவர் டிவியை அணைத்தார். பிறகு, "எனக்கும்தான் பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு, மனைவி போன நாளிலிருந்து யார் முன்னாலும் அழாத மனிதர், முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.