இரண்டு பக்கமும் தலை

படகுத்துறை டிக்கெட் அறையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்குவதில்லை. ஆற்றின் இரண்டு கரையிலும் அவள் 'டிங் அக்கா'தான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

காரணம் அந்தக் கறுப்புக் கல். டிக்கெட் அறையின் கம்பி வலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு பிறை ஓட்டை. அதற்கு உள்பக்கம் ஒரு கல் பலகை. யார் நீட்டுகிற காசானாலும் இரண்டு விரல் உயரத்திலிருந்து அந்தக் கல்லில் போடுவாள். நல்ல காசு 'டிங்' என்று சொல்லிவிட்டு அடங்கும். உலோகக் கலவை கொஞ்சம் மாறியிருந்தால் 'டிண்' என்று நின்றுவிடும். நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அவளுக்கு அப்படியில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதற்கும் தன் குழந்தை அழுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தாய்க்குத் தெரிகிற மாதிரி அவளுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், கடித்து வைத்த பிஸ்கட் போல ஓரம் இல்லாத ஒரு காசு வந்தது. "செல்லாது, ஆத்துல வீசு" என்றார் மேற்பார்வையாளர். அக்கா தன் பையிலிருந்து நல்ல காசு ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டாள். கடிபட்டதைக் கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டாள். அன்று பிடித்தது, இருபத்திரண்டு வருடமாக விடவில்லை.

அவளுடைய சேகரிப்பில் விலைக்கு வாங்கிய காசு ஒன்றுகூடக் கிடையாது. கைக்குக் கை மாறி அவள் ஓட்டைக்கு வந்தால்தான் எடுப்பாள், அதுவும் அதே மதிப்புள்ள தன் காசைப் பெட்டியில் போட்ட பிறகு. தேய்த்துப் பளபளப்பாக்க மாட்டாள். ஒரு வகைக்கு ஒன்று, அவ்வளவுதான். அச்சு ஒரு பக்கம் சரிந்து விழுந்தது, எண்ணுக்குக் கீழே நிழல் மாதிரி இன்னொரு எண் தெரிவது, ஓரத்து வரி இல்லாமல் மொழுக்கென்று இருப்பது. இப்படி நாம் ஆயிரம் தடவை கையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற காசுகள். பார்க்கத் தெரிந்தவள் கண்ணில் பட்டதால் அவை தங்கின.

அவளுடைய கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மனைவிக்காக நீளமான லைனிங் துணியில் சின்னச் சின்னப் பைகள் வைத்துத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித்தாள் ஜன்னல் போட்டு, சுருட்டிக் கட்ட நாடாவும் வைத்துக் கொடுத்திருந்தார். நூற்று நாற்பத்து மூன்று பைகள். காசோடு ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். சேகரிக்கிறவர்கள் வழக்கமாக வருடம், அச்சகம், எடை என்று எழுதுவார்கள். அக்கா எழுதுவது வேறு. 'காலை முதல் படகு. புது மாப்பிள்ளை. மீதி வாங்க மறந்து போனார்.' 'மாலை ஐந்து. பள்ளிக்கூட வாத்தியார் அம்மா. குரல் கட்டியிருந்தது.' அந்தத் துணியை விரித்து வைத்துச் சீட்டுகளைப் படித்தால் இருபத்திரண்டு வருடம் ஆற்றைக் கடந்த ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள்.

இந்தக் கதை எண்பத்தேழாவது பையைப் பற்றியது. சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'நல்ல மழை. ஒன்பதரைப் படகு. முட்டைக்காரர்.'

அந்தக் காசுக்கு இரண்டு பக்கமும் தலை. எண் இருக்க வேண்டிய பக்கத்திலும் அதே முகம் அவளைப் பார்த்தது. வந்த நாளில் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கல்லில் போட்டும் சத்தம் கேட்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், திரும்பத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை இன்னொரு தடவை கல்லில் போட அவளுக்கு மனம் வரவில்லை. கீறல் விழுந்துவிட்டால்? வீட்டுக்குப் போனதும் பைக்குள் வைத்தாள். ஆறு வருடம் ஓடிவிட்டது.

நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வந்தால் சும்மா இருக்கமாட்டாள். துணிச் சுருளை விரித்துப் பார்த்தாள். போனையும் பார்த்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க. இதே மாதிரி ரெண்டு தலைக் காசை வித்து ஒருத்தன் வீட்டுக்கு மாடி எடுத்திருக்கான்."

"யாரு சொன்னா?"

"போன்ல போட்டிருக்கு."

"போன்ல தினம் ஒருத்தன் மாடி எடுக்கறான்" என்றார் தையற்காரர், வாயில் குண்டூசியோடு.

நாத்தனார் விடுகிற ஆளில்லை. காசைப் படம் பிடித்துப் பெரிய ஊர் நாணய வியாபாரி ஒருவருக்கு அனுப்பினாள். அரை மணியில் பதில் வந்தது. அசலாக இருந்தால் இன்ன தொகை தருவதாகவும், நேரில் கொண்டு வரும்படியும் எழுதியிருந்தார். தொகையைப் படித்ததும் நாத்தனார் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். 'அசலாக இருந்தால்' என்ற வார்த்தையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அக்கா மட்டும் கணவரின் காலைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடமாகத் தையல் மிஷினை மிதித்த கால். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் வலது முட்டி பந்து மாதிரி வீங்கிவிடும். வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டே காஜா எடுப்பார். வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஆனால் இஞ்ச் டேப் பெட்டிக்கு அடியில் மோட்டார் மிஷின் விளம்பரத் தாள் ஒன்று மடித்துக் கிடப்பதும், அதில் ஒரு படத்தைச் சுற்றி துணியில் கோடு போடும் சாக்பீஸால் வட்டம் போட்டிருப்பதும் அவளுக்குத் தெரியும். வியாபாரி சொன்ன தொகைக்கு அந்த மிஷினும் வரும், ஒரு வருடத்துக்கு நூலும் வரும்.

"முட்டைக்காரரைக் கேக்காம விக்க முடியாது" என்றாள் அக்கா.

"எதுக்குக் கேக்கணும்?" நாத்தனாருக்குக் குரல் ஏறியது. "அவரு காசு குடுத்தாரு, டிக்கெட் வாங்கினாரு, அக்கரைக்குப் போயிட்டாரு. கணக்கு முடிஞ்சுபோச்சு."

"தெரியாமக் குடுத்துட்டாரே."

"நூத்தி நாப்பத்தி மூணு பேரும் தெரியாமத்தான் குடுத்தாங்க!"

"அதெல்லாம் அவங்களுக்கு வெறும் காசு. தெரிஞ்சாலும் சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. இது ஒரு மிஷினும்மா. மிஷின்னு தெரிஞ்சா யாராவது டிக்கெட்டுக்குக் குடுப்பாங்களா?"

"பாதி குடுன்னு கேப்பாரு."

"கேட்டா குடுக்க வேண்டியதுதான்."

"முழுசாக் கேட்டா?"

அக்கா துணிச் சுருளைச் சுருட்டி நாடாவைக் கட்டினாள். நாத்தனார் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீயாவது சொல்லேன். உன் கால்தானே?"

தையற்காரர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குஷனில் குத்தினார். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"கேட்டுட்டு வரட்டும்" என்றார். "இல்லேன்னா இவ ராத்திரி தூங்கமாட்டா, என்னையும் தூங்க விடமாட்டா."

மறுநாள் ஒன்பதரைப் படகுக்கு முட்டைக்காரர் வந்தார். சைக்கிளின் பின்னால் ஆறு அட்டை முட்டை, மேலே ஈரச் சாக்கு. அக்கா டிக்கெட் அறையைப் படகுக்குக் கயிறு கட்டும் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள். வேலை நேரத்தில் அவள் வெளியே வருவதைப் பார்த்த வரிசை, யாரோ ஆற்றில் விழுந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தது.

"அண்ணே, ஒரு விஷயம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, நல்ல மழையில, நீங்க ஒரு காசு குடுத்தீங்க." எல்லாவற்றையும் சொன்னாள். வியாபாரி சொன்ன தொகையையும் ஒரு பைசா குறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது சாக்பீஸ் வட்டம் கண்முன்னால் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டுத்தான் சொல்லி முடித்தாள். பிறகு உள்ளங்கையை விரித்தாள்.

முட்டைக்காரர் காசைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஆறு அட்டையும் கிடுகிடுத்தன.

"முட்டை, முட்டை!" என்று வரிசை கத்தியது.

"அக்கா, இது உங்க கையிலயா இருக்கு? இதைத் தேடாத இடமில்ல! கோழிக் கூட்டுக்குள்ளகூடத் தேடினேன். எங்க வீட்டுல தினமும் சாயங்காலம் பூவா தலையா போட்டுத்தான் கோழிக்கூடு யாரு கழுவறதுன்னு முடிவு பண்றது. நான் எப்பவும் தலைன்னு சொல்லுவேன்." குரலைத் தாழ்த்தினார். "லேத்துப் பட்டறையில இருக்கற என் மச்சான் பண்ணிக் குடுத்தான். ரெண்டு காசைப் பாதியாக் கடைஞ்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருத்தி. நாலு வருஷம் நான் கூட்டுப் பக்கமே போகல. அன்னிக்கு மழையில எந்தக் காசுன்னு பார்க்காம உங்ககிட்ட நீட்டிட்டேன் போல. இந்த ஆறு வருஷமா முக்கால்வாசி நாள் நான்தான் கழுவறேன்!"

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. முட்டைக்காரர் காசை வாங்கி, ஓட்டை வழியாகக் கையை விட்டு, கறுப்புக் கல்லில் போட்டார்.

'டக்.'

டிங்கும் இல்லை, டிண்ணும் இல்லை. மூடி போட்ட டப்பாவைத் தட்டின மாதிரி ஒரு டக். வரிசையின் கடைசியில் நின்றவருக்குக்கூடக் கேட்டது. காசு கீறிவிடும் என்று பயந்து ஆறு வருடம் பொத்தி வைத்திருந்தாள். மழை விட்டதும் இன்னும் ஒரே ஒரு தடவை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வழிப்போக்கர் காசையெல்லாம் தட்டிப் பார்த்தவள், தன் காசைத் தட்டவில்லை.

முகம் சிவந்தாலும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அன்னிக்கு நீங்க டிக்கெட்டே வாங்கல அண்ணே. உங்களுக்காக நான்தான் பெட்டியில போட்டேன்."

முட்டைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நல்ல காசு ஒன்றை நீட்டினார். அக்கா அதை வாங்கிக் கல்லில் போட்டாள். டிங். பைக்குள் வைத்தாள்.

"இதை மட்டும் ஒரு நாள் குடுங்க. வீட்டுல காட்டிட்டுத் தரேன். அவர் மிஷின் வந்துடும்னு நினைச்சிட்டிருக்காரு. நான் வாயால சொன்னா நம்பமாட்டாரு."

அன்று மாலை தையற்காரர் காசை வாங்கி விளக்கடியில் பிடித்தார். ஏமாந்த முகத்தை அவர் காட்டவில்லை, அல்லது காட்ட நேரமில்லை. ஊசியில் நூல் கோர்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஓரத்தை நகத்தால் தடவினார். திருப்பினார். மறுபடி தடவினார்.

"மூட்டே தெரியல. எந்த மனுஷன் பண்ணினான் இதை?"

"முட்டைக்காரர் மச்சானாம். லேத்துல வேலை."

"இவ்வளவு நுணுக்கமாக் கடையறவனுக்கு என் மிஷின்ல ஒரு சின்ன மோட்டாரைக் கட்டித்தரத் தெரியாதா?"

நாத்தனார் அதைக் கேட்டு, "கோழிக்கூடு கழுவாம இருக்கக் காசு செஞ்ச ஆளு. அவரு கட்டற மோட்டார் எந்தப் பக்கம் சுத்துமோ" என்றாள். ஆனாலும் மறுநாள் காசைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்கா கேட்டாள். அடுத்த வாரம் லேத்துக்காரர் பழைய மோட்டார் ஒன்றோடு ஒன்பதரைப் படகில் வந்து இறங்கினார். பொருத்திக் கொடுத்துவிட்டு, கூலியாகத் தன் கால்சட்டைக்கு இரண்டு ஒட்டுப் போட்டு வாங்கிக்கொண்டார். மோட்டார் வேகம் பழகுகிறவரை தையற்காரர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு சட்டைக் கையை நேராகக் காலர் வரைக்கும் தைத்துவிட்டார். ஆனால் முட்டியின் வீக்கம் அந்த மாதமே வடியத் தொடங்கியது.

மோட்டார் வந்த நாலாவது நாள், எட்டு மணிப் படகுக்கு முட்டைக்காரரின் மனைவி வந்தாள். ஓட்டை வழியாக ஒரு காசை வைக்கவில்லை, வீசினாள்.

'டக்.'

"அந்த மனுஷன் பத்து நாளா ஜெயிச்சிட்டே இருந்தாரு" என்றாள். "ஆறு வருஷமா எங்கேயோ போயிருந்த அதிர்ஷ்டம் எப்படித் திரும்பி வந்துச்சுன்னு காசை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அக்கா, இதை நீங்களே வச்சுக்குங்க. எங்க வீட்டுக்கு மட்டும் திரும்பி வரக் கூடாது."

"பொய்க் காசு நான் வச்சுக்கறதில்லையேம்மா."

"பொய்யா இருந்தாலும் உங்ககிட்டதான் ஒழுங்கா இருந்துச்சு."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. தன் பையிலிருந்து நல்ல காசு ஒன்றை எடுத்து, கல்லில் போட்டுக் காது கொடுத்துக் கேட்டு, பெட்டியில் சேர்த்தாள். டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள்.

வீட்டில் எண்பத்தேழாவது பை காலியாகத்தான் இருந்தது. புதிய சீட்டுக்குத் தாள் தேடினாள். தையற்காரர் இஞ்ச் டேப் பெட்டியைத் தூக்கி, அடியிலிருந்த விளம்பரத் தாளை எடுத்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து, துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலால் பையளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தார். மீந்தவற்றை அடுக்கி ரப்பர் போட்டு அவள் பக்கம் தள்ளினார். இன்னும் இரண்டு வருடத்துக்குக் காணும்.

முதல் துண்டில் அக்கா எழுதினாள்: 'வெயில். எட்டு மணிப் படகு. முட்டைக்காரர் வீட்டம்மா. தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.'