பத்துப் புழுக்கள்

ஹொன்னகங்கம்மாவின் பட்டுப்புழு வீட்டுக்குள் யார் போனாலும் முதலில் வாசலில் வைத்திருக்கும் சுண்ணாம்புத் தண்ணீர்த் தட்டில் இரண்டு பாதங்களையும் நனைக்க வேண்டும். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாயில் புகையிலை இருந்தால் வாசலோடு சரி.

ஒரு தடவை ஊர்ப் பெரியவர் சிவலிங்கே கௌடர் புகையிலையை மென்றுகொண்டே வந்துவிட்டார். "புழுவுக்குப் போயி இவ்வளவு மடி ஆசாரமா? உன் புழு என்ன மடத்துச் சாமியாரா?" என்று கேட்டார்.

"சாமியார்னாகூட உங்க பக்கத்துல உக்காந்து பொறுத்துக்குவாரு கௌடரே. இதுங்க உங்க மூச்சுப் பட்டாலே செத்துப்போகும். வாயை வெளியே கழட்டி வச்சுட்டு உள்ள வாங்க" என்றாள் ஹொன்னகங்கம்மா அக்கா. கௌடர் சிரித்துக்கொண்டே போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வந்தார்.

நான் லக்கம்மா. எங்கள் மல்பெரித் தோட்டத்துக்கும் அக்காவின் தோட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. பெயருக்குத்தான் அக்கா, கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் இருபது வருஷமாக அவள் வீட்டில் இலை குறைந்தால் எங்கள் தோட்டத்தில் ஒடிப்பாள், எங்களுக்குக் குறைந்தால் அவள் தோட்டத்தில் நாங்கள் ஒடிப்போம். கேட்கக்கூட வேண்டியதில்லை. வரப்பு முனையில் நட்ட கம்பைப் பார்த்தால் போதும். செடிக்கு மருந்து அடித்தவர்கள் அந்தக் கம்பில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். துணி இருக்கிற வரை அந்த இலையைத் தொடக்கூடாது. பதினைந்து நாள் கழித்து அவிழ்த்து மடித்து வைப்பார்கள். எங்கள் துணி அக்காவின் பழைய சேலையில் அவளே கிழித்துக் கொடுத்தது.

வேறு யார் தோட்டத்து இலை வந்தாலும் அக்கா உடனே தட்டுகளில் போடமாட்டாள். பத்துப் புழுவை எடுத்து ஒரு முறத்தில் தனியாக விட்டு, அவற்றுக்குக் கொஞ்சம் இலை போட்டு, உச்சிவேளை வரை பார்ப்பாள். அதுவரை மற்றப் புழுக்கள் பசியோடு கிடந்தாலும் சரி. "பத்துப் போனா போகட்டும், பத்தாயிரம் போகக்கூடாதில்ல" என்பாள். எங்கள் வீட்டு இலைக்கு மட்டும் அந்த முறம் கிடையாது.

அந்த வருஷம் எங்கள் ஊருக்கு இளம்புழு வீடு ஒன்று வருவதாக இருந்தது. முட்டை பொரித்து, முதல் இரண்டு தோல் உரிக்கும் வரை ஒரே வீட்டில் வளர்த்து, பிறகு ஊரில் எல்லாருக்கும் கொடுப்பார்கள். கையில் சுத்தம் இருக்கிறவருக்குத்தான் அதைக் கொடுக்க முடியும். எல்லார் வாயிலும் அக்காவின் பெயர்தான். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. புருஷன் போன பிறகு இந்தப் புழுக்களைக் கொண்டே மகளைக் கட்டிக் கொடுத்தவள். "நடப்புப் பயிர்ப் புழு கூடு கட்டட்டும், பேசி முடிச்சுடலாம்" என்று கௌடரும் சொல்லியிருந்தார். எங்கள் மகன் லோகேஷா பெயரும் ஒரு ஓரத்தில் அடிபட்டது. நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

எடியூர்த் தேருக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அக்கா கூடையோடு வந்தாள். அவள் புழுக்கள் நாலாவது தோலும் உரித்து, கூடு கட்ட நாலே நாள் இருந்தது. அந்தச் சமயத்தில் அவை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவள் கிணற்று மோட்டார் பழுதாகி தண்ணீரில்லாமல் ஒரு பாத்தி இலை வாடிப்போயிருந்தது.

"லக்கி, நாலு கட்டு ஒடிச்சுக்கட்டுமா?"

நான் கம்பைப் பார்த்தேன். துணி இல்லை. "இதென்னக்கா புதுசா கேக்கறே? கீழ்ப்பக்கம் நல்லாத் தளதளன்னு இருக்கு, வா" என்றேன். என் வீட்டுக்காரர் முதலகிரியப்பா வாசலில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். தலை தூக்கிப் பார்த்தார். மறுபடி தீட்டினார். அக்காவும் நானும் சேர்ந்துதான் ஒடித்தோம். இரண்டு கட்டை நானே தலையில் சுமந்துபோய் அவள் வாசலில் இறக்கினேன்.

சாயங்காலம் அவள் கூப்பிட்ட குரல் கேட்டு ஓடினேன். தட்டு தட்டாகப் புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டு பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. விடிவதற்குள் மழைச் சத்தம் நின்றுவிட்டது. அத்தனையையும் குழி தோண்டிக் கொட்டி மூடினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கையை மட்டும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அவ கைராசி போயிடுச்சு" என்று ஊர் பேசிற்று. "அவ்வளவு சுத்தம் பாத்து என்ன ஆச்சு?" என்று சிரித்தவர்களும் உண்டு. வருகிற திங்கட்கிழமை மாரம்மா கோயில் முன்னால் கூடி இளம்புழு வீட்டுக்கு லோகேஷா பெயரை எழுதுவதாகப் பேச்சு வந்தது. எனக்கு அது புழுவுக்கு வந்த வியாதி என்றுதான் நினைப்பு.

நாலு நாள் கழித்துத் துடைப்பம் தேடிக் கொட்டகைக்குள் போனேன். மருந்தடிக்கிற மெஷினுக்குப் பின்னால் அந்தச் சிவப்புத் துணி கிடந்தது. மருந்து வாடை அடித்தது. எப்போதும் அவிழ்த்து நாலாக மடித்து வைக்கிற துணி அது. அன்றைக்கு முடிச்சு அவிழாமல் வளையமாகவே இருந்தது. கம்பில் கட்டியதை அவசரமாக மேலே உருவி எடுத்திருக்கிறார்கள்.

அதை எடுத்துப்போய் வீட்டுக்காரர் முன்னால் நின்றேன். "ஏங்க, நான் தேருக்குப் போயிருந்தப்ப கீழ்ப்பக்கம் மருந்து அடிச்சீங்களா?"

களியை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அடிச்சேன்."

"துணி கட்டினீங்களே, அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"நம்ம பையனும் பிழைக்க வேண்டாமா?" என்றார். உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "நான் அவளை ஒடிச்சுக்கோன்னு சொன்னேனா? நீதானே சொன்னே" என்றார்.

இருபத்தாறு வருஷம் அவர் சோற்றுக்கு முன் நான் தின்றதில்லை. அவர் பேருக்கு விளக்கு வைக்காத வெள்ளிக்கிழமை இல்லை. என் வாயையே கம்பாக்கி, அதில் துணி கட்டாமல் விட்டுவிட்டார். தாயே மாரம்மா என்று உட்கார்ந்துவிட்டேன்.

துணியை அக்காவிடம் கொண்டுபோனேன். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்.

"அன்னிக்கு முறத்தைக் கையில எடுத்தேன் லக்கி" என்றாள். "கம்பு அடியில மண்ணு புதுசா அசைஞ்சிருந்துச்சு. பத்துக்குப் போட்டுப் பாக்கலாமான்னு தோணிச்சு. அப்புறம் உன் மூஞ்சியைப் பாத்தேன். லக்கி வீட்டு இலைக்கு என்ன சோதனைன்னு முறத்தைத் திரும்ப மாட்டிட்டேன்."

"எனக்குத் தெரியாதுக்கா. மாரம்மா சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். ஆனால் வழக்கம்போல உள்ளே வா என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை கோயில் முன்னால் எல்லாரும் கூடியிருந்தபோது அந்த வளையத்தை நடுவில் வைத்து நடந்ததைச் சொன்னேன். என் மகன் தலை குனிந்துகொண்டான். அவனுக்கும் அதுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

"கட்டினவனைக் காட்டிக் குடுக்கறியே தாயி" என்றார் கௌடர்.

"அம்மன் பாத்துக்கிட்டு இருக்கா கௌடரே. அவளுக்கு முன்னால எதை மறைக்கட்டும்?" என்றேன்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அப்புறம் அடுத்த பயிர் பார்த்து முடிவு சொல்கிறோம் என்றார்கள்.

அடுத்த பயிர் வளரும்போது மறுபடி கடைசி நாட்களில் அவளுக்கு இலை போதவில்லை. என்னிடம் வந்து கேட்கவில்லை. நானே ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு போனேன். சுண்ணாம்புத் தண்ணீரில் கால் நனைத்தேன், கை கழுவினேன். அக்கா இலையை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த முறத்தை எடுத்தாள். பத்துப் புழுவை எண்ணி விட்டு, எங்கள் இலையில் நாலு கிள்ளிப் போட்டு, வாசலில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பயிர் நல்ல வெள்ளைக் கூடாக ராமநகரச் சந்தைக்குப் போயிற்று. இளம்புழு வீடும் அவளுக்கே ஆயிற்று. இப்போது ஊரில் இருபத்தெட்டு வீடுகளுக்கு அவள் கையிலிருந்துதான் புழு போகிறது. எங்கள் வீட்டுக்கும்தான்.

இன்றைக்கும் எங்கள் இலை போனால் அந்த முறம் இறங்கும். நான் கட்டை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. உச்சிவேளை வரை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பத்தும் தின்கின்றனவா என்று நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.