குளித்த தண்ணீரில் காய்த்த கத்தரி

சீயக்காயும் அடுப்புச் சாம்பலும் கலந்த தண்ணீர், வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணில் இறங்கும்போது ஒரு வாடை எழும். நல்ல வாடை என்று சொல்லமாட்டேன், ஆனால் மழை தொடர்ந்து பொய்த்த அந்த ஆண்டுகளில், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் எந்நேரமும் அதுதான் இருந்தது. கிணற்றில் வாளி தரையைத் தட்டி, கலங்கலாகக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு மேலே வரும். அப்படித் தோள் நோக இறைத்த தண்ணீரை ஒருமுறை உடம்பில் ஊற்றிவிட்டுத் தெருவில் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. குளிக்கிற கல்லிலிருந்து தெருவுக்குப் போன "வாறுகாலை" மண்போட்டு அடைத்து, கொல்லைப் பக்கம் திருப்பி, அது போகிற வழியில் கத்தரி நாற்று நட்டுவிட்டாள்.

அதன்பிறகு வீட்டில் யாரும் வேறெங்கும் குளிக்கக்கூடாது. உடம்புக்குத் தேய்க்கும் "சவுக்காரம்" பட்டால் செடி கருகும் என்று அதற்கும் தடை. பஞ்சாலையிலிருந்து தலையெல்லாம் தூசியோடு வரும் அப்பா, "குளிக்கது நானா, ஒன் செடியா?" என்று அலுத்துக்கொள்வார். "ரெண்டு பேருந்தான்" என்பாள் அம்மா. சந்தைக்குக் காய்கறி வருவதே நின்றுபோயிருந்த நேரத்தில், எங்கள் கொல்லையில் கத்தரி காய்த்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த கோமதி அக்காவுக்கு அந்தப் பிஞ்சுகள்தான் பத்தியக் குழம்பாயின. பேரனைப் பார்க்கக் குருவிகுளத்திலிருந்து வண்டி கட்டி வந்த அக்காவின் மாமியாருக்கும் அம்மா அதையே பரிமாறினாள். "காய் வெண்ணெயால்லா கரையுது, மயினி" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள், கை கழுவப் பின்பக்கம் வந்தாள். அங்கே அக்கா பிள்ளைத்துணி அலசிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் கண்ணெதிரே ஓடிக் கத்தரிச் செடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணியிலயா மயினி காய் வெளஞ்சுது?"

"ஆமா மயினி. வேற தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

அவள் வெற்றிலைகூட வாங்கிக்கொள்ளாமல் வண்டி ஏறினாள். சில நாளில் அந்த வண்டிக்காரரே திரும்பி வந்து, அந்தக் கொல்லை இருக்கிறவரை மருமகளை அழைக்க ஆள் வராது என்று அவள் சொல்லிவிட்டதைச் சொன்னார்.

அழைத்துப்போக வேண்டிய காலம் கடந்தது. கிணற்றடியில் பெண்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். செடியைப் பிடுங்கியாயிற்று என்று பொய்யாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றார் அப்பா.

"பொய் தெரிஞ்சா அங்கன பாடுபடுதது கோமதிதான" என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஒருநாள் காலையில் நான் எழுந்து போனபோது அவள் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பூவும் பிஞ்சுமாக, வேரில் ஈரமண்ணோடு வந்தன. அவள் அழவில்லை. கடைசிச் செடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "ஏட்டி, போ அங்கிட்டு" என்றாள், கோபம்கூட இல்லாத குரலில்.

செடி போன செய்தி கேட்டு, அக்காவை அழைத்துப்போக அத்தான் வந்தார். வெறும் பாத்தியைப் பார்த்துவிட்டு, "நான் எம்புட்டோ சொன்னேன் அத்தை, அம்மா கேக்கல" என்று தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினாள். மழை அந்த ஆண்டும் வரவில்லை. எங்களுக்குக் கம்பங்கஞ்சியும் வத்தலும்தான். குளித்த தண்ணீர் வாறுகால் வழியே வெறும் பாத்திக்குப் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி ஏதாவது நடச்சொன்னார் அப்பா. "எனக்குத் தெம்பு இல்ல" என்றாள் அம்மா. அதன்பின் அவள் ஒரு நாற்றும் நடவில்லை.

இன்று அந்த வீடு இல்லை. கிணற்றை மூடிக் கடை கட்டிவிட்டார்கள். தெருவில் எல்லார் குளித்த தண்ணீரும் குழாய்க்குள் எங்கோ போகிறது. அப்பாவும் அம்மாவும் போய் வெகுகாலம் ஆகிறது. அண்மையில் குருவிகுளத்துக்கு அக்காவைப் பார்க்கப் போனபோது, எப்படியோ பேச்சு அந்தக் கத்தரிக்கொல்லைக்கு வந்தது. நரைத்த தலையைக் கோதியபடி அக்கா சொன்னாள்: "எனக்காகத்தான் அம்புட்டையும் புடுங்கிப் போட்டா. ஏட்டி, போறியா, இங்கனயே இருக்கியான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா, இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன்."