பிடரி மறு

திருகோணமலை நகரில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடி அலுவலகத்தில் பஹ்மியாவுக்கு வேலை. வெளிநாட்டுத் தோல் மருத்துவமனைகளின் கட்டணங்களைக் காப்புறுதிக் கம்பனிகளுக்கு எழுதி அனுப்பும் அலுவலகம் அது. தோலை வெட்டாமலே அதன் உட்படைகளைப் படமெடுக்கும் கருவி ஒன்று உண்டு. அந்தக் கருவியில் படமெடுத்தவர்களின் அறிக்கைகள்தான் அவளுடைய கணினிக்கு வரும். படமெடுத்தது ஓரிடம், அதைப் பார்த்து முடிவு எழுதியவர் வேறொருவர் என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணக் குறியீடு. ஏன் எடுக்க நேர்ந்தது என்று மருத்துவர் எழுதாமல் விட்டால் காப்புறுதிக்காரர்கள் மறுத்துவிடுவார்கள்.

ஊர் பேர் தெரியாத மனிதர்களின் தோளும் முதுகும் கன்னமும் நாள் முழுக்க அவள் கண்முன் போய்க்கொண்டிருக்கும். கணவன் ஸஜ்ஜாதைத் தொட்டோ நெடுநாளாகிவிட்டது. கலியாணம் முடித்த சூட்டோடு தோஹாவுக்குப் போனவன் அவன். அங்கே கட்டடங்களின் மொட்டைமாடிகளில் ஏசி திருத்துகிறான். லீவில் இரண்டு தடவை ஊருக்கு, கிண்ணியாவுக்கு, வந்து போனான். பிறகு எல்லாம் போனில்தான்.

ஒருநாள் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது, சார்ஜரை எடுக்க அவன் திரும்பினான். பிடரியில் இருந்த மறு அவள் கண்ணில் பட்டது. அவள் விரல்நுனிக்குத் தெரிந்த மறு அது. அப்போது கடுகளவுதான் இருந்தது. இப்போது ஒரு பக்கமாகப் பரந்து, ஓரம் கலங்கித் தெரிந்தது.

"திரும்புங்க. இன்னொருக்காக் காட்டுங்க."

அவள் விளையாடுகிறாள் என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சட்டைக் கொலர் உரசும்போது சிலநேரம் அரித்துக் கடிக்கும் என்று அவனும் ஒத்துக்கொண்டான். அவளுடைய ஆக்கினை தாங்காமல் அந்தக் கிழமையே ஒரு கிளினிக்குக்குப் போனான். படமெடுக்கக் காப்புறுதி அனுமதி கிடைக்கவில்லை. அழகுக்காகச் செய்வது என்று மறுத்துவிட்டார்கள்.

டொக்டரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"பொஞ்சாதி போகச் சொன்னா, அதான் வந்தனான் எண்டு சொன்னனான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அப்பிடிச் சொன்னா அவர் என்னத்த எழுதுற? உள்ளதச் சொல்லுங்க. முந்திச் சின்னனா இருந்தது, ஒரு பக்கம் பரந்திருக்கு, கடிக்குது எண்டு சொல்லுங்க."

நிலாவெளிக் கடற்கரையில் அவன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பின்னால் நின்று அவள் எடுத்த படம் ஒன்று இருந்தது. மறு பழையபடி சின்னதாய்த் தெரியும் படம். அதையும் டொக்டருக்குக் காட்டச் சொல்லி அனுப்பினாள். இந்தத் தடவை அனுமதி கிடைத்தது.

படமெடுத்து முடிவு வரும்வரை அலுவலகத்தில் அவளால் ஒழுங்காக வேலை செய்ய முடியவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த, சல்லி என்ற கரையோர ஊர்ப் பெண் தர்சிகா, கேட்காமலே கடுமையான நோய் என்று முடிவெழுதிய அறிக்கைகளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

பஹ்மியா தொழுகையில் அவனுக்காகத் துஆக் கேட்டாள். ஆனால் மனம் வேறெங்கோ போய்வந்தது. ஏதும் இருந்தால் கம்பனி அவனை ஊருக்கு அனுப்பிவிடும். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் குப்புறப் படுத்திருப்பான். அவள்தான் மருந்து கட்டுவாள். எந்த அறையில் காற்று நன்றாக வரும் என்பது வரை நினைத்துவிட்டாள். தான் நினைத்தது என்னவென்று உறைத்ததும் வாய்விட்டுத் தவ்பாச் செய்து, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டாள்.

முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. ஸஜ்ஜாத் படத்தையும் அனுப்பியிருந்தான். தேன்கூடு போல வரிசையாய்ச் சாம்பல் நிறக் கலங்கள். இப்படி எத்தனையோ பார்த்தவள், இதை வைத்துக்கொண்டு பகல் சாப்பாட்டை மறந்து இருந்தாள். பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சியது.

அன்று பின்னேரம் அவன் போனெடுத்தான். அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள் இருவரும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கம்பனி கையெழுத்துக் கேட்கிறது என்றும் சொன்னான். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்டும் இருக்கக் கூடாதெண்டுதான் துஆக் கேட்டனான். ஆனா நல்ல செய்தி வந்த நேரம், இனி நீங்க வரமாட்டீங்க எண்டுதான் முதல்ல நினைச்சனான்."



"டொக்டர் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார்," என்றான் அவன். "எனக்குச் சிரிக்க ஏலாமப் போயிற்று."

அவர்கள் கட்டத் தொடங்கிய புது வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை. அவன் கையெழுத்து வைத்தான். புது ஒப்பந்தம் தொடங்குமுன் லீவு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தான். வெயில் காலம் முடியாமல் ஏசிக்காரர்களை விடமாட்டோம் என்றுவிட்டார்கள். அது முடிந்து அவன் வரும்போது இங்கே மாரி தொடங்கிவிடும்.

"கடலுக்குக்கூடப் போக ஏலாது, மழையாத்தான் இருக்கும்," என்றான்.

"கடலுக்கு ஏன்?" என்றாள் பஹ்மியா. "வீட்டுக்குள்ளயே இருங்க."