அன்னக்கொடி கொன்ற குதிரை

கொள்ளு தின்றுகொண்டிருந்த என் குதிரையை அன்னக்கொடி தாளில் கொன்றுவிட்டாள். பத்து வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்னக்கொடி எங்கள் தெரு மருமகள். பேரையூர்ப் பக்கத்துப் பெண். தபாலில் பி.ஏ. தமிழ் படித்தாள். "ஒரு தடவைதான். தேறலைன்னா புத்தகமெல்லாம் பரணுக்குப் போயிரணும்" என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாகமலைப் புதுக்கோட்டையில் வகுப்பு. கூட்டிப்போய்க் கூட்டி வருவது நான்.

ஒருநாள் வழியெல்லாம் கேள்வி.

"அண்ணே, உங்க குதிரை எம்புட்டுத் திங்கும்?"

"என்னைத்தான் திங்குது. உனக்கெதுக்கு அது?"

கட்டுரை எழுதணுமாம். தெரிந்த உழைப்பாளி ஒருவரைப் பற்றி, கண்ணால் கண்டதை மட்டும். கற்பனை இருந்தால் சுழி. அதில் மார்க் வாங்காவிட்டால் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள். சரி, பாவம் என்று லாடம் அடிப்பது முதல் நான் குதிரையைத் திட்டும் திட்டு வரை சொன்னேன். திட்டை மட்டும் விட்டுவிட்டு எல்லாம் எழுதினாள். "உருக்கம் இல்லை. திரும்ப எழுதுக" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார் வாத்தியார்.

கூடப் படித்த தபாலாபீஸ் மலைச்சாமி புளியமரத்தடியில் யோசனை சொன்னான். "ஒரு சாவைப் போடுங்கக்கா. நான் எங்க அப்பாவை ரெண்டு கட்டுரையில கொன்னாச்சு. அவரு வீட்டுல உக்காந்து வெத்திலை போடுறாரு."

நானும் சிரித்தேன். யார் தலையில் விழப்போகிறது என்று எனக்கென்ன தெரியும்?

அடுத்த வகுப்பு முடிந்ததும் வாத்தியார் நேராக என்னிடம் வந்தார். பின்னால் வகுப்பே வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிவனாண்டி நீங்கதானே? கட்டுரையைக் கேட்டு எல்லாரும் அழுதுட்டோம். குதிரையை மடியில போட்டுக்கிட்டு நீங்க தவிச்சது..."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவர் பார்வை குதிரை மேல் போனது.

"இது?"

அவர் தோளுக்குப் பின்னால் அன்னக்கொடி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் வாய் திறந்து உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சுழி, அப்புறம் பரண். எனக்குப் புரிந்துவிட்டது.

"இது அதோட தம்பி சார்."

"அடப்பாவமே. அண்ணனைத் தேடுதா?"

"தேடாம? ரெண்டு நாளாத் தண்ணிகூடக் குடிக்கலை."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சனியன் வாளித் தண்ணீரைச் சத்தம்போட்டு உறிஞ்சியது. "இப்பத்தான் மனசு தேறுது" என்று வாத்தியார் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

பசுமலை வழியாகத் திரும்பினோம். அவள் பின்னால் அழுதுகொண்டே வந்தாள்.

"கொல்றதுன்னா என்னைக் கொன்னிருக்க வேண்டியதுதானே, தாயி? வாயில்லாத சீவன் உன்னை என்ன பண்ணுச்சு?"

"உங்களைக் கொன்னுட்டா என்னை யாருண்ணே வகுப்புக்குக் கூட்டிட்டு வாரது?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கோபம் என்றால் கோபம்தான்.

அவள் தேறிவிட்டாள். மாமனார் டீக்கடை டீக்கடையாகப் போய், தானே படித்துத் தேறியதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பி.எட்.டும் முடித்தாள். பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. இரண்டு பிள்ளைகளையும் இடுப்பிலும் கையிலுமாக வைத்துக்கொண்டு அந்தக் கட்டுரைகளை எழுதியவள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினாள்.

"அதையே திரும்ப எழுதியிருக்கேன். இதுல சாவு இல்ல."

"எனக்கு அஞ்சாப்புதான் படிப்பு. நான் என்னத்தை வாசிக்க?"

"எழுத்துக்கூட்டியாச்சும் வாசிங்கண்ணே. என் பிள்ளைகளுக்கு வகுப்புல வாசிச்சுக் காட்டப்போறேன். எங்கெங்க நடக்காததை எழுதியிருக்கேனோ, அங்கெல்லாம் பென்சிலால ஒரு கோடு போட்டுக் குடுங்க."